சில வாரம் தங்க வந்த ஊரில் சின்னக் குழந்தையோடு தினமும் வெளியே போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மனைவிக்கு வேறு ஊரில் மூன்று மாத வேலை வந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒன்றே முக்கால் வயது மகளோடு கூடவே போனேன். பகல் முழுக்க நானும் அவளும்தான். முதல் வாரம் நான் செய்தது எல்லாமே தப்பு. வந்தது வந்துவிட்டோம், ஊரைப் பார்த்துவிடலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு நாளுக்கு ஓர் இடமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஐந்தாம் நாள் ஓர் அருங்காட்சியகத்தின் டிக்கெட் வரிசையில் அவள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். எழுப்பவே முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்கள்.

எட்டாம் நாள் தூறல். தெருக்கோடியில் இருந்த சின்னப் பூங்கா வரைதான் போக முடிந்தது. அங்கே நடைபாதை ஓரத்தில் மழைநீர் போவதற்கு ஓர் இரும்புக் கம்பி மூடி. அவள் குந்தி உட்கார்ந்து ஒரு கூழாங்கல்லை இடுக்கில் போட்டாள். கீழே 'டொளக்' என்றது. என்னைப் பார்த்தாள். இன்னொரு கல். நாற்பது நிமிடம் இதே வேலை. மறுநாள் காலையில் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. படுக்கை, ஜன்னல், குழாய்ச் சத்தம் வரை எல்லாமே புதிதாகிவிட்ட குழந்தை, வெளியே போயாவது பழகிய ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறது. தற்காலிகமாகத் தங்கும் ஊரில் நமக்கு இருக்கும் அவசரம் அதற்கு இல்லை. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஓர் எண்ணத்திலிருந்து வந்தவைதான். ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: தூக்கத்தைச் சரிக்கட்டுங்கள்

வெளியே போவதைப் பற்றிப் பேச வந்துவிட்டுத் தூக்கத்தில் ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. வெளியில் நடக்கும் பத்து ரகளையில் எட்டுக்குத் தூக்கமோ பசியோதான் காரணம் என்பது என் கணக்கு. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மூன்று, நான்கு வயதில் அது 10 முதல் 13 மணி நேரம்.

நேர வித்தியாசம் உள்ள ஊருக்குப் போயிருந்தால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் தள்ளியிருந்தால் உடம்பு பழக நான்கு நாள்போல ஆகும். அதுவரை பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். உள்ளூர்க் காலை நேரத்தில் எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நடத்துங்கள். உடம்புக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் வெளிச்சத்துக்குத்தான் பெரிய பங்கு. மத்தியானத் தூக்கம் நீண்டு மாலையை விழுங்கப் பார்த்தால் திரையை விலக்கி மெதுவாக எழுப்பிவிடுங்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பப் பாவமாகத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அது உட்கார்ந்து விளையாடும்போது அந்தப் பாவம் போய்விடும்.

தூக்கம் ஒருவழியாக நிலைபெற்றதும் வெளியே போகும் நேரத்தை முடிவு செய்யுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் காலை உணவு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்புவது ஒத்துவரும். இரண்டாவது வாய்ப்பு, மத்தியானம் தூங்கி எழுந்து ஏதாவது தின்ற பிறகு. தினமும் அதே நேரம். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன நடை, ஒரு பெரிய சுற்றுலாவைவிட மேல்.

இரண்டாம் படி: குழந்தை இல்லாமல் ஒரு தடவை நடந்து பாருங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. ஒரு மாலை, வீட்டில் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்கும்போது, தனியாக அரை மணி நேரம் போய் வாருங்கள். காலித் தள்ளுவண்டியையும் தள்ளிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. நடைபாதை எங்கே முடிந்து சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது, எந்தத் திருப்பத்தில் வண்டிகள் வேகமாக வருகின்றன, எந்தக் கட்டடத்தில் படிக்கட்டு மட்டும், எங்கே சாய்தளம் இருக்கிறது என்பதெல்லாம் வரைபடச் செயலியில் தெரியாது. சக்கரம் சொல்லிவிடும்.

கூடவே பார்த்துவைக்க வேண்டியவை: டயப்பர் மாற்ற இடமுள்ள கழிப்பறை, குடிநீர், ஒதுங்க ஒரு கூரை, மருந்துக் கடை, குழந்தை மருத்துவர் இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை. அந்த ஊரின் அவசர உதவி எண்ணை அன்றைக்கே கைபேசியில் சேமித்துவிடுங்கள். 112 என்ற எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முழுக்கவும் இந்தியாவிலும் செல்லும். மற்ற இடங்களில் வேறு எண் இருக்கலாம். தங்கியிருக்கும் முகவரியை உள்ளூர் மொழியில் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். பதற்றத்தில் புது முகவரி வாயில் வராது.

தூரத்துக்கு ஒரு கணக்கு. நீங்கள் பத்து நிமிடத்தில் நடக்கும் தூரத்தை ஒன்றரை வயதுக் குழந்தை அரை மணி நேரத்துக்குக் குறைந்து நடக்காது. வழியில் பூனை இருந்தால் அதற்கும் மேல். ஆகவே உங்கள் நடையில் பதினைந்து நிமிடத்துக்கு மேற்பட்ட எதுவும் தினசரிப் பட்டியலில் வேண்டாம்.

மூன்றாம் படி: மூன்றே இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று, ஓடியாட ஓர் இடம். பூங்கா, மைதானம், கார் வராத ஒரு முற்றம், எதுவானாலும் சரி. ஒரு வயது முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைகள் நாள் முழுக்கப் பரவலாக 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் சொல்கிறது. தங்கும் வீடு சின்னதாக இருந்தால் அந்த மூன்று மணி நேரத்தின் பெரும்பகுதியை வெளியில்தான் தேட வேண்டும்.

இரண்டு, உட்கார்ந்து பார்க்க ஓர் இடம். ரயில் போவது தெரியும் ஒரு மேம்பாலம், கட்டட வேலை நடக்கும் வேலியோரம், வாத்து நீந்தும் குளம். இதைக் கண்டுபிடிப்பதுதான் ருசியான வேலை. ஊர்ச் சுற்றுலாப் பட்டியலில் இது இருக்காது, உங்கள் பிள்ளைதான் காட்டிக்கொடுக்கும். எங்களுக்கு அது அந்தக் கம்பி மூடி. நான் தேடிப்பிடித்த குளத்தை அவள் இரண்டே நிமிடத்தில் ஒதுக்கிவிட்டாள்.

மூன்று, கூரையுள்ள ஓர் இடம். பொது நூலகம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். குழந்தைகள் பகுதியில் தரையில் உட்கார இடம் இருக்கும், காசு கேட்க மாட்டார்கள், பல நூலகங்களில் வாரத்தில் ஒரு நாள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் நடக்கும். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக உறுப்பினராக வேண்டியிருக்கலாம். உள்ளே உட்கார்ந்து பார்ப்பதற்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. மொழி புரியாவிட்டாலும் போகலாம். பாட்டுக்குக் கைதட்ட மொழி வேண்டாம்.

இந்த மூன்றையும் மாற்றி மாற்றி இரண்டு வாரம். உங்களுக்கு அலுத்துப்போகும், உண்மைதான். நான்காவதாக ஓர் இடம் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். ஊரைப் பார்க்கும் ஆசைக்கு அது வடிகால்.

நான்காம் படி: பையைக் கட்டுங்கள், கதவருகே மாட்டுங்கள்

பை சின்னதாக இருக்கட்டும். இரண்டு டயப்பர், ஈரத்துடைப்பான், மாற்று உடை ஒன்று, அழுக்குத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர், தின்பதற்கு ஏதாவது, தொப்பி, மெல்லிய துவாலை. துவாலைதான் என் செல்லம்: ஈரமான ஊஞ்சலைத் துடைக்க, புல்லில் விரிக்க, தூங்கிவிட்டால் போர்த்த, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. திரும்பி வந்தவுடன், செருப்பைக் கழற்றும் முன்பே, தீர்ந்ததை நிரப்பிவிடுங்கள். காலையில் நிரப்பலாம் என்று விட்டால் காலையில் கிளம்ப மாட்டீர்கள்.

தின்பண்டத்தில் ஒரு கவனம். முழுத் திராட்சை, சின்ன உருண்டைத் தக்காளி போன்றவற்றை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் தர வேண்டும். முழுக் கொட்டைப் பருப்புகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் எல்லாம் குறைந்தது நான்கு வயது வரை வேண்டாம். ஓடிக்கொண்டோ, அசையும் வண்டியில் உட்கார்ந்தபடியோ தின்பது தொண்டையில் சிக்க வழி செய்யும். நின்று, உட்காரவைத்து, தின்று முடித்ததும் கிளம்புங்கள்.

பையைத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். பிள்ளையைத் தூக்கிய மறுகணம் முன்பாரம் போய் வண்டி மல்லாக்க விழுந்தது, தண்ணீர்க் குப்பி திறந்து மாற்று உடை முழுக்க நனைந்தது. அவள் உள்ளே இருக்கும்போது சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது. பை கீழ்த்தட்டில், அல்லது உங்கள் முதுகில்.

ஐந்தாம் படி: வாசலைத் தாண்டுவது

இதுதான் கஷ்டமான பத்து நிமிடம். உடை, டயப்பர், செருப்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாவற்றுக்கும் 'வேணாம்' வரும். நீங்கள் முழுக்கத் தயாரான பிறகு கடைசியாகக் குழந்தையைத் தயார் செய்யுங்கள். தேர்வு இரண்டே இரண்டு: 'நீலச் செருப்பா, சிவப்புச் செருப்பா?' போவதா வேண்டாமா என்பதைத் தேர்வுக்கு விடாதீர்கள்.

வெயில் காலமானால், புற ஊதாக் குறியீடு (சூரியனின் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லும் எண்) 3ஐத் தொட்டாலே தொப்பி, கைகால் மறைக்கும் மெல்லிய உடை, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். வெயில் படக்கூடாது என்று தள்ளுவண்டியைத் துணியால் மூடுவது பலர் செய்யும் தப்பு. மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும். வண்டியோடு வரும் கூடாரமோ, குடையோ போதும்.

கிளம்பும் முன் கைபேசியில் ஒரு படம், அன்றைய உடையோடு, முழு உருவமாக. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஆறாம் படி: வழி

போகும்போது நடக்கட்டும், வரும்போது வண்டியில். இதைத் தலைகீழாகச் செய்தால் வரும்போது ஒரு கையில் பிள்ளையும் இன்னொரு கையில் காலி வண்டியுமாக வருவீர்கள். வண்டியிலோ இருக்கையிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்க வேண்டாம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இருக்கிறது.

ஒரே பாதையில் போய், ஒரே அடையாளங்களை ஒரே சொல்லால் சொல்லுங்கள். 'இதோ சிவப்புக் கதவு. இதோ நாய் வீடு. இங்கே கை பிடிக்கணும்.' ஒரு வாரத்தில் குழந்தையே முந்திக்கொண்டு சொல்லும். சாலை கடக்கும் இடத்தில் கை பிடிப்பது அப்போது சண்டையாக இராது, பாட்டின் ஒரு வரிபோல ஆகிவிடும். வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் வருகின்றன என்பது நீங்கள் வந்த ஊருக்கு எதிராக இருந்தால், பழக்கதோஷத்தில் தப்பான பக்கம் பார்த்துவிட்டு இறங்கப்போவது குழந்தை இல்லை, நீங்கள்தான். முதல் இரண்டு வாரம் விளக்கு உள்ள இடத்தில் மட்டும் கடக்கவும்.

எஸ்கலேட்டரில் தள்ளுவண்டி வேண்டாம். லிஃப்ட் எங்கே என்று தேடி அலைந்தாலும் சரி.

டாக்சியோ காரோ தேவைப்பட்டால் குழந்தை இருக்கைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சில இடங்களில் டாக்சிக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. மோதலின் வேகம் அந்த விலக்கைப் பார்க்காது. மடியில் வைத்து இருவருக்கும் ஒரே பெல்ட் போடுவது ஆபத்து: மோதினால் உங்கள் எடை முழுக்கக் குழந்தை மேல் விழும். ஐ.நா.வின் ஆர்129 தரத்தின்படி 15 மாதம் வரை குழந்தை இருக்கை பின்னோக்கியே இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் இருக்கையின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும் வரை அப்படியே வைப்பது நல்லது. நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது. வெயிலில் பத்து நிமிடத்திலேயே உள்ளே சூடு ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

ஏழாம் படி: பூங்காவில்

போனதும் விளையாட விடாமல் ஒரு சுற்று நீங்கள் பாருங்கள். வேலி இருக்கிறதா, கதவு தாழ்ப்பாள் விழுகிறதா, குளமோ நீரூற்றோ எங்கே. இரண்டு அங்குலத் தண்ணீர்கூடச் சின்னக் குழந்தை மூழ்கப் போதும், அதுவும் சத்தமில்லாமல் நடக்கும். உலோகச் சறுக்குமரத்தையும் ரப்பர்த் தரையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அங்கே இன்றைக்கு விளையாட்டு இல்லை. தலைக்கவசம், கழுத்தில் தொங்கும் கயிறு இருந்தால் ஏணியில் ஏறும் முன் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

சறுக்குமரத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசத்தில் செய்யும் தப்பு இது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாமும் சேர்ந்து சறுக்குவோம். குழந்தையின் செருப்பு ஓரத்தில் தேய்த்து நின்றுவிடும். நம் எடையோ நிற்காமல் கீழே போகும். அந்த இழுப்பில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. தனியாகச் சறுக்கினால் கால் மாட்டினாலும் குழந்தை அங்கேயே நின்றுவிடும். தனியாகச் சறுக்கத் தைரியம் வராத குழந்தை இன்னும் சின்ன சறுக்குமரத்துக்குப் போகட்டும்.

'மற்ற பிள்ளைகளோடு சேர மாட்டேன் என்கிறாளே' என்று முதல் வாரம் கவலைப்பட்டேன். இந்த வயதில் அப்படித்தான். இரண்டு வயதுக் குழந்தைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவார்கள், ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். கூடி விளையாடுவது மூன்றை ஒட்டித்தான் மெல்ல வரும். பகிர்ந்துகொள்ளச் சொல்லி வற்புறுத்தாமல், தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். அதே நேரத்துக்கு வரும் அதே இரண்டு குழந்தைகள் முகம் பழகிவிடும். உங்களுக்கும் பக்கத்துப் பெஞ்சுக்காரர் பழகிவிடுவார். ஊரில் எந்தக் குழந்தை மருத்துவர் நல்லவர் என்பது எனக்குத் தெரிந்தது அந்தப் பெஞ்சில்தான்.

வீடு திரும்பும் முன் கை கழுவ வேண்டும், சோப்பும் தண்ணீரும் போட்டு இருபது வினாடி. சானிடைசர் இருக்கிறதே என்று விடக்கூடாது: வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது.

எட்டாம் படி: அழாமல் கிளம்புவது

'இன்னும் ஐந்து நிமிடம்' என்பது இரண்டு வயதுக்குப் புரியாத மொழி. எண்ணிக்கையாகச் சொல்லுங்கள்: 'இன்னும் மூணு சறுக்கு, அப்புறம் டாட்டா.' மூன்று என்றால் மூன்று. நான்காவது ஒன்றைக் கருணையோடு கொடுத்தால் நாளைக்கு ஏழு கேட்கும். முடிந்ததும் ஊஞ்சலுக்கும் மரத்துக்கும் டாட்டா காட்டி, கையில் தூக்கிப்போக ஒரு வேலை கொடுங்கள். அவள் தினமும் ஒரு கூழாங்கல்லை வீட்டுக்கு எடுத்து வருவாள். தங்கிய வீட்டின் ஜன்னல் விளிம்பில் மூன்று மாதத்துக்கு வரிசை நின்றது.

அப்படியும் அழுது புரண்டால் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள், விளக்கம் வேண்டாம். பார்க்கிறவர்களைப் பார்க்காதீர்கள். அந்த ஊரில் உங்களை யாருக்கும் தெரியாது என்பது தற்காலிகமாகத் தங்குவதன் பெரிய வசதி.

தப்பிப் போனால்

கண்ணிமைக்கும் நேரத்தில் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓடுங்கள், அடுத்து சாலைப் பக்கம். ஒளிந்திருக்கக்கூடிய இடங்களை அதற்குப் பிறகு தேடலாம். ஓடும்போதே குழந்தையின் உடை நிறத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், சுற்றியிருப்பவர்களும் தேடுவார்கள். காலையில் எடுத்த படம் இப்போதுதான் உதவும். பதற்றத்தில் என்ன சட்டை போட்டுவிட்டோம் என்பதே மறந்துபோகும். கூட்டமான இடத்துக்குப் போகும் நாளில் குழந்தையின் முன்கையில் பேனாவால் உங்கள் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். ஊருக்கு வந்து புது எண் வாங்கியிருந்தால், அந்த எண்ணை.

மழை நாளும் சோம்பல் நாளும்

சின்ன மழையென்றால் பூட்ஸ் போட்டுக்கொண்டு வெளியே போங்கள், தேங்கிய தண்ணீரைவிட நல்ல விளையாட்டுச் சாமான் இல்லை. பெருமழையில் நூலகம். அதுவும் மூடியிருந்தால் கட்டடத்தின் லிஃப்டில் மேலும் கீழும் இரண்டு தடவை, படிக்கட்டில் ஏறி இறங்கி ஒரு தடவை, தபால் பெட்டியைத் திறந்து மூடி ஒரு தடவை. அதுவும் வெளியே போனதாகத்தான் கணக்கு. காய்ச்சல், வாந்தி இருந்தால் எங்கும் போக வேண்டாம்.

கிளம்பும் வாரம்

ஊரை விட்டுப் போகப்போவதைக் குழந்தையிடம் முன்கூட்டியே ஒரு மாதம் சொல்லிப் பயனில்லை. இரண்டு மூன்று நாள் முன்பு சொன்னால் போதும். கடைசி நாளுக்குப் புது இடம் எதுவும் வைக்காதீர்கள். அவளுக்குப் பிடித்த மூன்றுக்கும் போய், ஒவ்வொன்றிலும் அவள் எப்போதும் செய்வதைச் செய்யவிட்டு, படம் எடுங்கள். உங்கள் முகம் வேண்டாம், அவள் பார்க்கும் பொருளே வேண்டும்: சிவப்புக் கதவு, ஊஞ்சல், கம்பி மூடி. அச்செடுத்து நான்கு பக்கச் சின்னப் புத்தகமாகத் தைத்தால், திரும்பிப் போன வீட்டில் 'அது எங்கே?' என்று கேட்கும்போது காட்டலாம். ஊர் திரும்பியதும் முதல் வாரத்திலேயே அதே காலை நேரத்தில் வெளியே கூட்டிப்போங்கள். பழைய வீடும் அவளுக்கு இப்போது பாதி புதிதுதான். கூழாங்கற்களைப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தோம். எடை பார்க்கும்போது மனைவி திட்டினாள்.